கடப்புக் கட்டையில் நான் போட்ட வட்டங்கள்

முதலில் மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழைகளை மகள் பென்சிலால் திருத்தித் தந்தாள். அதற்கு மேல் பேனையால் நானே எழுதினேன். "அப்பா, நான் வடிவா நகல் எடுத்துத் தாறன், போதகர் ஐயாவுக்கு வாசிக்க லேசா இரிக்கும்" என்று அவள் இரண்டு தரம் கேட்டாள். வேண்டாம் என்றேன். இது என் கையெழுத்தில்தான் போக வேண்டும். ஏன் என்று கடைசியில் உங்களுக்கு விளங்கும்.

என்னோடு ஓய்வுநாள் பள்ளியில் பாயில் இருந்து படித்தவர்களுக்கும், அறுப்பின் பண்டிகைக்கு என்னோடு கைவண்டி தள்ளியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் இப்போது தலை நரைத்துவிட்டது. நான் கூட்டத்தில் பேசுகிறவன் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். கல்முனையில் நெல் மில்லில் சாக்குத் தைக்கிறேன். சாக்கில் அடையாளம் எழுதும் வேலையை மட்டும் இத்தனை வருஷமாக மற்றவர்களிடம் விட்டுவிடுவேன். கேட்டால், கண் தெரியவில்லை என்பேன். என் கண் நல்ல கண்தான்.

நாளை அறுப்பின் பண்டிகை. போதகர் ஐயா போன ஞாயிறு ஒரு அறிவித்தல் செய்தார். நாட்டுக்குச் சேவை செய்தவர்கள், செய்கிறவர்கள் யாருக்காவது ஆலயத்தில் நன்றி சொல்ல விரும்பினால் எழுதித் தாருங்கள், ஜெபத்தின்போது வாசிக்கிறேன் என்றார். இளம் பிள்ளைகள் அன்றைக்கே எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரித் தாதி, சீருடை போட்ட மகன், ஓய்வு பெற்ற டீச்சர். நான் ஆறு நாளாக வெறும் கடதாசியை வைத்துக்கொண்டு இருந்தேன். இன்று எழுதுகிறேன்.

என் அப்பா மலேரியா நுளம்புக்கு மருந்து அடிக்கும் வேலை செய்தார். உங்களுக்கு நினைவு இருக்கும். காக்கிச் சட்டை, காக்கித் தொப்பி, தோளில் பித்தளை நிறத்தில் நீளமான பம்ப். அதில் காற்று ஏற்றும்போது 'புஸ்க் புஸ்க்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வீதி முனையில் கேட்டதும் பெண்கள் சட்டி பானையை வெளியே தூக்கத் தொடங்குவார்கள். கட்டில், பாய், தலையணை, சாமிப் படம், கலண்டர், தொட்டில், எல்லாம் முற்றத்துக்கு வரும். வீட்டுக்குள்ளே இருந்த முழு வாழ்க்கையும் வெயிலில் கிடக்கும். அப்பா அதையெல்லாம் பார்க்காதவர் போல உள்ளே போய்ச் சுவர் சுவராக அடிப்பார். சுவர் காய்ந்ததும் சாம்பல் பூத்தது போல வெள்ளையாக இருக்கும். அந்த நாற்றம் மூன்று நாளைக்குச் சோற்றிலும் ஏறும்.

"உங்கட மருந்துக்கு நுளம்பு சாகிறதக் காணல்ல. என்ட கோழிதான் சாகுது" என்று ஒரு பெண் ஒவ்வொரு தரமும் சண்டைக்கு வருவாள்.

"நுளம்பு செத்தா அத ஆரும் என்னட்டக் கொண்டு வந்து காட்டுறல்லயே பிள்ள. கோழி செத்தாத்தானே தூக்கிட்டு வாறீங்க" என்பார் அப்பா.

வீட்டுக்கு வந்தால் அம்மா அவரை நேரே கிணற்றடிக்கு அனுப்புவார். அவருடைய சட்டைக்குத் தனிக் கொடி. அந்தக் கொடியில் காகம்கூட இருக்காது என்று அம்மா சொல்வார். நான் மட்டும் அந்தச் சட்டையில் முகத்தை வைப்பேன். கசப்பும் மண்ணெண்ணெயும் கலந்தது போல ஒரு வாசம். இப்போது அந்த வாசம் எங்கும் இல்லை.

மருந்து அடிப்பது மட்டும் அல்ல. காய்ச்சல்காரரின் விரலில் ஊசியால் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்று அவருக்கு இல்லை. சோதனைச் சாவடியில் நின்ற சீருடைப் பையன்களுக்கும் எடுத்தார். காட்டு ஓரத்தில் படுத்த அந்தப் பையன்களுக்குத்தான் காய்ச்சல் கூட. அவர்களிடம் கதைக்க அப்பாவுக்கு மொழி போதாது. விரலை நீட்டச் சொல்லித் தன் விரலை நீட்டிக் காட்டுவார். இதையும் பின்னால் அவருக்கு எதிராகச் சொன்னார்கள்.

அப்பாவிடம் பவுடர் டின் ஒன்று இருந்தது. மூடியில் ரோசாப் பூப் போட்டது. அதற்குள் சோக் கட்டிகள். மருந்து அடித்த வீட்டுக் கதவின் பின்பக்கம் வெள்ளைச் சோக்கால் வட்டம் போட்டுத் திகதி எழுதுவார். அடிக்க விடாத வீட்டுக்குப் பெருக்கல் குறி. காய்ச்சல் கண்டு இரத்தம் எடுத்த வீட்டுக்குச் சிவப்புச் சோக்கில் வட்டம். பள்ளிக்கூடத்துச் சோக்கை விட மொத்தமான சோக் அது. அந்தச் சிவப்பு ஊரில் வேறு யாரிடமும் இருக்கவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

அந்த வருஷம் எனக்குப் பத்து வயது. வேளாண்மை வெட்டி முடிந்து, வயலில் வைக்கோல் போர் நின்ற காலம். அறுப்பின் பண்டிகைக்கு நெல், தேங்காய், பூசணிக்காய், கீரை என்று வீடு வீடாகச் சேர்க்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சபையார் வீடு மட்டும் இல்லை, பக்கத்தில் சைவ வீடு, முஸ்லிம் வீடு, எல்லாரும் தருவார்கள். ஓய்வுநாள் பள்ளி அக்கா புதன்கிழமை நம்மை ஆளுக்கொரு ஒழுங்கைக்கு அனுப்பினார். இன்றைக்குக் கேட்டு மட்டும் வர வேண்டும், சனிக்கிழமை கைவண்டி வரும், தருகிறவர் ஆர், தராதவர் ஆர் என்று நினைவில் வைத்துக்கொண்டு வந்து சொல்ல வேண்டும் என்றார்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தரம் வாய் திறப்பதே எனக்குப் பெரிய பாடு. பிறகு அக்காவின் முன்னால் நின்று எல்லா வீட்டையும் ஒப்புவிக்க வேண்டும். எனக்கு ஒரு யோசனை வந்தது. அப்பாவின் டின்னிலிருந்து ஒரு சிவப்புச் சோக்கை எடுத்துக் காற்சட்டைப் பையில் போட்டேன். வளவு வாசலில் இரண்டு மரக்கட்டை நட்டுக் குறுக்கே தடி போட்டிருப்பார்களே, அந்தக் கடப்பு, அதன் கட்டையில் அடையாளம் போட்டுக்கொண்டு போனேன். தருகிற வீட்டுக்கு வட்டம், தராத வீட்டுக்குப் பெருக்கல் குறி. சனிக்கிழமை வண்டிக்காரர் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும், நான் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

எனக்கு வட்டம் சரியாக வராது. இடது பக்கம் தொடங்கிச் சுற்றி வந்தால் கடைசியில் மூடாது. வாய் திறந்த மீன் போல நிற்கும். அம்மா சிலேட்டில் எத்தனை தரம் கைபிடித்து எழுதிக் காட்டியும் திருந்தவில்லை.

ஒழுங்கையின் கடைசி வீடு பேக்கரிக் காக்காவுடையது. முஸ்லிம் அண்ணன்மாரை நாம் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீட்டைத் தாண்டினால் முஸ்லிம் பகுதி தொடங்கும். நான் கட்டையில் கீறும்போது அவர் சைக்கிளில் பாண் பெட்டியோடு வந்து நின்றார்.

"என்ன மனே, என்ட கடப்புல படம் கீறுறாய்?"

நான் ஓடப் பார்த்தேன். பெனியனைப் பிடித்துக்கொண்டார்.

"செல்லிட்டுப் போ. என்னது இது?"

"தாற ஊட்டுக்கு வட்டம்" என்றேன்.

"தராத ஊட்டுக்கு?"

"பெருக்கல்."

அவர் ஒழுங்கையைத் திரும்பிப் பார்த்தார். எதிர்க் கடப்பில் பெருக்கல் குறி இருந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். "அல்லாவே! இவன்ட கஞ்சத்தனம் இப்ப ஊருக்கே தெரியப் போகுது. நான் பூசணிக்கா ஒண்டு தாறன், பெரிசா. என்ட வட்டத்த நல்லா மொத்தமாப் போடு" என்று சொல்லி ஒரு சீனிப் பணிஸ் தந்தார்.

வெள்ளிக்கிழமை விடியச் சுற்றிவளைப்பு. யார், எதற்கு என்று இப்போது நான் எழுதப் போவதில்லை. எனக்கு அது விளங்கும் வயதும் இல்லை. நான் பாயில் படுத்திருந்தேன், சப்பாத்துகளைத்தான் பார்த்தேன். வயது வந்த ஆண்களை எல்லாம் பள்ளிக்கூட வளவில் வெயிலில் இருத்தினார்கள். மத்தியானம் விட்டார்கள். நாலு பேரை மட்டும் விசாரணை என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் என் பெரியம்மாவின் மகன். அம்மாவின் கூடப்பிறந்த அக்காவின் ஒரே பையன். எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவர்.

நாலு பேரின் வீட்டுக் கடப்பிலும் சிவப்பு வட்டம் இருந்தது.

இப்போது யோசித்தால் அதில் ஒரு மாயமும் இல்லை. வயல் செய்ய வளர்ந்த பையன்கள் இருந்த வீட்டில்தான் பண்டிகைக்குக் கொடுக்க நெல் இருந்தது. வட்டம் அந்த வீடுகளுக்குத்தான் விழுந்தது. பிடித்துப் போனதும் வளர்ந்த பையன்களைத்தான். வட்டம் போட்ட வீடுகளில் ஒன்றும் நடக்காத வீடுகளும் இருந்தன. அன்றைக்கு அவற்றை யாரும் எண்ணவில்லை. சிவப்புச் சோக்கை மட்டும் பார்த்தார்கள். அது யாருடைய சோக் என்று எல்லாருக்கும் தெரியும். சாவடியில் நின்று விரல் நீட்டிக் கதைக்கிறவர் யார் என்றும் தெரியும். அப்பாதான் வீடுகளைக் காட்டிக் கொடுத்தார் என்று ஊர் கதைத்தது.

பின்நேரம் சபைப் பெரியவர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். தேத்தண்ணீர் வேண்டாம் என்றார்கள். அப்பா கிணற்றடியிலிருந்து ஈரத் தலையோடு வந்தார். நான் உள் அறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். பையில் மிச்சச் சோக் இருந்தது.

"நாங்க சண்டைக்கு வரல்ல. ஒண்டு கேக்கிறம். அந்தச் சோக் உங்கடதா?" என்றார் மூத்தவர்.

"ஓம். சோக் என்டதான்" என்றார் அப்பா.

"அப்ப அந்த வட்டம்?"

அப்பா துவாயால் தலையைத் துவட்டினார்.

"சொல்லுங்களன். ஆரோ களவெடுத்துக் கீறினதெண்டாலும் சொல்லுங்க. நாங்க நம்புறம்" என்று இன்னொருவர் கெஞ்சுவது போலக் கேட்டார்.

"என்ட பெட்டிக்குள்ள இரிந்த சோக். அதுக்கு நான்தான் பொறுப்பு" என்றார் அப்பா.

நான் திரைக்கு வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவர்கள் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. அம்மா அடுப்படியில் முகத்தை மூடிக்கொண்டு இருந்தார்.

ஞாயிறு அறுப்பின் பண்டிகை வந்தது. கைவண்டியில் வழக்கத்தில் பாதிதான் சேர்ந்தது. பீடத்தின் முன்னால் நெல்லைக் குவித்திருந்தார்கள். புது நெல்லின் தூசி மூக்கில் ஏறியது. அன்றைய போதகர் விடுதலையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அந்த நாளில் அந்தச் சொல் எல்லார் வாயிலும் இருந்த சொல், அதைக் கேட்டதும் பின்வரிசை வாங்குகளில் ஆட்கள் நெளிந்தார்கள். அவர் சொன்னது வேறு. கிறிஸ்து தருகிற விடுதலை உங்களை மனிதருக்குப் பயப்படும் பயத்திலிருந்து அவிழ்த்துவிடும், அவிழ்த்துவிடுவது நீங்கள் சும்மா இருக்க அல்ல, ஒருவரும் கட்டாயப்படுத்தாமல் மற்றவருக்குப் பணி செய்ய என்றார். எனக்கு அது ஏறவில்லை. எனக்கு அன்றைக்கு விடுதலை என்றால் பெரியம்மாவின் மகன் வீட்டுக்கு வருவது ஒன்றுதான்.

பிறகு நாட்டுக்குச் சேவை செய்கிறவர்களுக்கான ஜெபம். வழக்கப்படி அரசாங்க வேலை செய்கிறவர்கள் எழுந்து நிற்க வேண்டும். தபால்காரர் எழுந்தார். டீச்சர் எழுந்தார். தாதி எழுந்தார். அப்பா எழுந்தார்.

முன்வாங்கில் இருந்த பெரியம்மா திரும்பினார். இரண்டு நாளாக அழுத முகம். சத்தம் போடவில்லை. சாதாரணமாகச் சாப்பிடக் கூப்பிடும் குரலில்தான் சொன்னார்.

"தம்பி, நீ இரு."

ஆலயம் முழுக்கக் கேட்டது. அப்பா ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு வாங்கில் உட்கார்ந்தார். போதகர் கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கினார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே மாமரத்தடியில் நிற்கும்போது பேக்கரிக் காக்கா பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். சபையார் அப்பாவை விட்டுத் தள்ளி நிற்பதைப் பார்த்தார். அவருக்குக் கதை தெரிந்திருந்தது.

"என்ன எல்லாருமா? என்ட கடப்புலயும் வட்டம் இரிக்கி. மொத்தமா இரிக்கி. என்ன ஆரும் புடிக்கல்லயே? அந்த வட்டத்தப் போட்ட ஆளு ஆரெண்டு நான் செல்லட்டா?" என்றார் சத்தமாக.

அவர் கண் என் மேல் வந்தது. நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"காக்கா" என்றார் அப்பா. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். "பூசணிக்காயைக் கொண்டு போய் உள்ளுக்கு வைங்க. கனம்."

காக்கா அப்பாவைப் பார்த்தார். பிறகு காக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நெல்லுக்குப் பக்கத்தில் பூசணிக்காயை வைத்துவிட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் போனார்.

பெரியம்மாவின் மகனும் மற்ற மூன்று பேரும் ஒன்பதாம் நாள் திரும்பி வந்தார்கள். அதற்காகக் கடவுளுக்கு நன்றி. ஆனால் பெரியம்மாவின் மகன் பிறகு எனக்குச் சைக்கிள் தரவில்லை. எனக்கு மட்டும் அல்ல, யாரோடும் பழையபடி சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் வெளிநாடு போய்விட்டார்.

அப்பா திங்கட்கிழமையே பம்பைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். அவர் மனம் நொந்து வேலையை விட்டவர் என்று உங்களில் சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது பிழை. ஒரு நாளும் விடவில்லை. நமது ஒழுங்கையில் கடப்புத் தடியை எடுக்க மறுத்தார்கள். அவர் வெயிலில் வாசலில் நிற்பார். 'புஸ்க் புஸ்க்' என்று காற்றை ஏற்றிக்கொண்டு, உள்ளே விடும் வரை நிற்பார். விடாவிட்டால் கடதாசியில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். அடுத்த நாள் திரும்பவும் வருவார். சோக்கை மட்டும் பிறகு தொடவில்லை. பவுடர் டின் வெறுமையாகக் கூரை இறப்பில் கிடந்து துருப்பிடித்தது.

மாரி முடிந்த காய்ச்சல் காலம். பெரியம்மாவுக்குக் குளிர்க் காய்ச்சல் வந்தது. மூன்று பாய் போட்டு மூடியும் கட்டில் ஆடியது. அம்மா போனார், அப்பாவும் கண்ணாடித் துண்டுப் பெட்டியோடு போனார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன். அப்பா வீட்டுக்குள் ஏறவில்லை. யன்னலுக்கு வெளியே நின்றார்.

"அக்காட விரலத் தரச் சொல்லு" என்றார் அம்மாவிடம்.

பிறகு யன்னல் கம்பிக்கு ஊடாக ஒரு கை வந்தது. முகம் வரவில்லை. கை மட்டும். அப்பா பஞ்சால் துடைத்து, குத்தி, ஒரு சொட்டு எடுத்தார். குளிசை கொடுத்தார். எத்தனை நேரத்துக்கு ஒன்று என்று அம்மாவிடம் சொல்ல வைத்தார். நாலு நாள் காலையும் மாலையும் அந்த யன்னலடிக்குப் போனார். பெரியம்மா எழும்பிவிட்டார். ஆனாலும் இருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை.

அதே மாதம் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற சேர் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். கையில் சோக்கைத் தந்தார். என் விரல் மூடவில்லை. சோக் விழுந்து உடைந்தது. திரும்பத் தந்தார். திரும்ப விழுந்தது. சோம்பேறி என்று நினைத்து அடித்தார். அவரில் பிழை இல்லை, அவருக்கு எப்படித் தெரியும்? நான் அந்த வருஷத்தோடு போகவில்லை. அம்மா அழுதார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கதைக்காமல் விட்டால் பிள்ளை மறந்துவிடுவான் என்று அவர் நினைத்தார் போல. அப்பா தன் வாழ்நாளில் பிழையாகக் கணித்தது அந்த ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்கு என்ன தெரியும் என்பது இத்தனை வருஷமாக எனக்கே தெரியாது. சோக் காணாமல் போனதைக் கவனித்தாரா, யாரைச் சந்தேகப்பட்டார், ஒன்றும் தெரியாது. நான் கேட்கவில்லை. அவர் ஓய்வு பெற்றார், ஒவ்வொரு அறுப்பின் பண்டிகைக்கும் ஆலயத்துக்கு வந்தார், அந்த ஜெபத்தின்போது கடைசி வாங்கில் இருந்தபடியே தலையைக் குனிந்துகொண்டார். அப்படியே ஒரு நாள் இறந்தும் போனார். அடக்க ஆராதனையில் 'அரசாங்க ஊழியர்' என்று ஒரு வார்த்தை வந்தது. அவ்வளவுதான்.

மூன்று கிழமைக்கு முன் பேக்கரிக் காக்கா சுகமில்லை என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். பேக்கரியை இப்போது பேரன் நடத்துகிறான். காக்கா முன் அறையில் கட்டிலில் இருந்தார். என்னைக் கண்டதும் பல் இல்லாத வாயால் சிரித்தார்.

"வா மனே. வட்டம் போட வந்தயா?"

நான் அழுதுவிட்டேன். இந்த வயதில். அவர் பேரனை வெளியே போகச் சொன்னார்.

"அழாத. உன்ட அப்பா அண்டைக்கே என்னட்ட வந்தார். சேர்ச் முடிஞ்சு பின்னேரம். நான் ஏசினன். 'ஏன் தம்பி என்ட வாய அடச்சாய்? புள்ள வெளயாட்டுக்குக் கீறினதெண்டு சென்னா முடிஞ்சி போற வேலதானே' எண்டன்."

"அப்பாவுக்குத் தெரியுமா, நான்தான் எண்டு?"

"தெரியுமாவோ! 'காக்கா, அந்த மூடாத வட்டம் என்ட மகன்டதான், ஆயிரம் வட்டத்துக்க கெடந்தாலும் எனக்குத் தெரியும்' எண்டார். 'அவன் பேசத் தெரியாத பொடியன். அவனக் கூட்டிப் போய் ஒனக்கு ஆரு செல்லித் தந்த எண்டு கேட்டா, பயத்துல வாயில வாற பேரச் செல்லிப் போடுவான். மறுகா அந்தப் பேருக்குரிய ஆளுட கதி என்ன? என்னக் கேட்டாங்க எண்டா எனக்குப் பதில் இரிக்கி. எனக்குப் பயம் இல்ல' எண்டார். அல்லா சாட்சி, அப்புடியே சென்னார். மறுகா ரெண்டு பாண் வாங்கிட்டுப் போனார்."

நான் வீதிக்கு வந்து நிந்தவூர்ப் பக்கம் போகும் பஸ்கள் மூன்று போகும் வரை நின்றேன்.

அன்றைய பிரசங்கம் இத்தனை வருஷம் கழித்து அந்த வீதி ஓரத்தில்தான் எனக்கு விளங்கியது. அப்பா ஒவ்வொரு சாவடியிலும் பெட்டியைத் திறந்து காட்டியவர். ஊரார் அவருக்குக் கடப்பை அடைத்தார்கள். சொந்த ஆலயத்தில் இரு என்று இருத்தினார்கள். ஆனாலும் அவர் அவிழ்த்துவிடப்பட்ட மனிதராக நடந்தார். யாருக்கும் பயப்படாததால்தான் எல்லாருக்கும் பணி செய்ய முடிந்தது, தன்னை இருத்திய கையிலும் இரத்தம் எடுக்க முடிந்தது. என்னை ஒருவரும் தடுக்கவில்லை. எனக்கு ஒரு சாவடியும் இல்லை. நான்தான் பத்து வயதிலிருந்து ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கிறேன்.

என் மகளுக்கு மலேரியா என்றால் பாடப் புத்தகத்தில் வரும் ஒரு சொல். அவள் நடுங்கிக் கட்டில் ஆடியதை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. நாட்டுக்குச் சேவை செய்தவர் என்றால் யார் என்று என்னைக் கேட்டால், அவள் நடுங்காமல் வளர்ந்ததைத்தான் காட்டுவேன். அதற்காகப் பம்ப் தூக்கியவர்கள் எத்தனையோ பேர். பேர் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கெல்லாம் நன்றி. எல்லாருக்கும் முன்னால் என் அப்பாவுக்கு.

போதகர் ஐயா, இதை முழுவதும் வாசியுங்கள். வெட்ட வேண்டாம். நீளம் என்றால் ஒரு பாட்டைக் குறையுங்கள்.

பெரியம்மா, நாளைக்கு நீங்கள் வழக்கம் போல முன்வாங்கில் இருப்பீர்கள். இன்று பின்நேரம் உங்களிடம் வந்து நேரே சொல்ல நினைத்தேன். உங்கள் கடப்படி வரைக்கும் வந்தேன். இப்போது அங்கே இரும்புக் கேற். கையை வைத்தேன், திரும்பிவிட்டேன். அதுதான் கடைசித் தரம், இனித் திரும்ப மாட்டேன். உங்கள் கடப்பில் அந்த வட்டத்தைப் போட்டது நான். நீங்கள் நெல் தருகிறேன் என்று சொன்னதற்காகப் போட்டேன். அப்பா யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. என்னைக்கூட. உங்களை நோகடித்து, அவர் நல்ல பேரையும் கெடுத்து, வாய் மூடி இருந்தவன் நான். மன்னியுங்கள். உங்கள் மகனுக்கும் இதைச் சொல்லுங்கள், நானும் எழுதுவேன்.

என் வயதுக்காரர்களே, இந்தக் கடதாசியைக் கையில் வாங்கிப் பாருங்கள். எழுத்தில் வரும் வட்டம் ஒன்றும் மூடியிருக்காது. மகளை நகல் எடுக்க விடாதது அதற்காகத்தான். அப்பா அன்றைக்கே கண்டுபிடித்த கை இது. நீங்களும் கண்டுகொள்ளுங்கள்.

நாளை போதகர் ஐயா சேவை செய்கிறவர்களை எழும்பச் சொல்லும்போது நான் எழும்புவேன். எனக்கு அரசாங்க வேலை இல்லை. அப்பாவின் இடத்தில் நிற்பேன். கால் நடுங்கும், அது தெரியும். பெரியம்மா, நீங்கள் திரும்பி 'இரு' என்று சொல்லலாம். சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. சொன்னாலும் நான் இருக்க மாட்டேன். ஜெபம் முடியும் வரை நிற்பேன்.

2025 பெப்ரவரி 15, சனிக்கிழமை.